புவேர்ட்டோ ரிக்கோ கலங்கரை விளக்கங்கள்: கரையோரமாக ஒன்பது நாள்

கிளம்புவதற்கு முன்

கரீபியக் கடலில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 160 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 55 கிலோமீட்டர் கிடக்கும் செவ்வகத் தீவு புவேர்ட்டோ ரிக்கோ. 1898 வரை ஸ்பெயினிடம் இருந்தது, அதற்குப் பிறகு அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. தீவையும் அதன் குட்டித் தீவுகளையும் சுற்றி ஸ்பானியர் காலத்துக் கலங்கரை விளக்கங்கள் 15 இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைத்ததல்ல. 1869இல் போட்ட ஒரே திட்டத்தின் வழியில் வளர்ந்த வரிசை அது. ஒரு விளக்கு கப்பலின் கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்தது தெரிந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. அதனால் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் விஷயம் பிடிபடாது. வரிசையாகப் போக வேண்டும். சான் ஹுவானில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் தீவை வலம் வந்தால் ஒன்பது நாளில் முடிக்கலாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும், அது போதும். பணம் டாலர், மின்சாரம் 120 வோல்ட். கார் ஓட்டுபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சாலைத் தூரம் கிலோமீட்டரிலும் பெட்ரோல் லிட்டரிலும் இருக்கும், வேகப் பலகை மட்டும் மைலில் இருக்கும். 55 என்று எழுதியிருந்தால் அது மணிக்கு 88 கிலோமீட்டர். சுங்கச் சாலைகளில் நம் ஃபாஸ்டேக் போல மின்னணு வில்லைதான் புழக்கத்தில் உள்ளது. வாடகைக் காரில் அது இருக்கிறதா, நாள் வாடகை எவ்வளவு என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வழி கேட்க ஒரு சொல் போதும்: ‘எல் ஃபாரோ’. ஸ்பானிய மொழியில் கலங்கரை விளக்கத்துக்கு ‘ஃபாரோ’ என்று பெயர்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. கோடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. சகாரா பாலைவனத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கே வந்து சேர்கிறது. அந்த நாட்களில் வானம் வெளுத்துப்போய், 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவுகூடத் தெரியாது. விளக்குகளின் வீச்சைக் கண்ணால் அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு அது வீண் பயணம்.

கையில் இருக்க வேண்டியவை: பைனாகுலர், வினாடி காட்டும் கடிகாரம், தலையில் மாட்டும் டார்ச், மூடிய காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தீவு நாட்களில் மூன்று லிட்டர்.

நாள் 1: சான் ஹுவான்

தீவின் முதல் கலங்கரை விளக்கம் 1846இல் எல் மோர்ரோ கோட்டையின் மேல் எழுந்தது. இன்று நிற்பது அதுவல்ல. ஸ்பானிய–அமெரிக்கப் போரில், 1898 மே 12 அன்று அமெரிக்கக் கப்பற்படை சான் ஹுவானைக் குண்டு வீசித் தாக்கியபோது விளக்கும் அடிபட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கர்களே மறுபடி கட்டினார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இப்போது உள்ள சதுரக் கோபுரம் 1908இல் வந்தது. கோட்டைச் சுவரின் பாணிக்கு ஒத்துப்போகும்படி உச்சியில் கொத்தளப் பற்கள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கோபுரம் குட்டைதான். பாறையும் கோட்டையும் சேர்ந்து விளக்கைக் கடல் மட்டத்துக்கு மேல் 55 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுகின்றன. கலங்கரை விளக்கத்தில் கணக்குக்கு வருவது இந்த உயரம்தான், கோபுரத்தின் உயரம் அல்ல. பூமி வளைந்திருப்பதால் எவ்வளவு பிரகாசமான விளக்கும் ஒரு தூரத்துக்கு மேல் கடலுக்குக் கீழே போய்விடும். அந்தத் தூரத்தை மனக்கணக்காகவே போடலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08ஆல் பெருக்கினால் கடல் மைலில் விடை வரும். 55க்கு 15.4. கப்பல் தளத்தில் நிற்பவரின் கண் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு ஒரு 4.7. இரண்டையும் கூட்டினால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் தேவைப்படும்.

காலையிலேயே போய்விடுங்கள். கோட்டைக்கு முன்னால் உள்ள புல்வெளியில் ஒரு மரநிழல்கூடக் கிடையாது. கோபுரத்தின் உள்ளே ஏற வழியில்லை, அடியில் நின்று பார்க்கலாம். சூரியன் இறங்கிய பிறகு கோட்டைக்கு வெளியே புல்வெளி ஓரத்தில் நின்றால் விளக்கு சுழல்வது நன்றாகத் தெரியும். ஒரு மின்னலிலிருந்து அடுத்த மின்னல் வரை ஒருமுறை மட்டும் அளந்தால் பிழை வரும். பத்துச் சுற்று எண்ணி, மொத்த வினாடியைப் பத்தால் வகுக்க வேண்டும். மாலுமிகள் விளக்கை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஒரே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு ஒரே தாளம் கொடுக்க மாட்டார்கள்.

நாள் 2: ஃபஹார்டோ, காபெசாஸ் தெ சான் ஹுவான்

வடகிழக்கு மூலை. ஃபஹார்டோ ஊரிலிருந்து 987ஆம் எண் சாலை, விளக்கு நிற்கும் இயற்கைக் காப்பகத்தின் வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் விடும். தன்னிச்சையாக உள்ளே போக முடியாது. வழிகாட்டியோடுதான் அனுமதி, முன்பதிவும் அவசியம். ஸ்பானிய மொழியில் ஒரு நடை, ஆங்கிலத்தில் ஒரு நடை என்று பிரித்திருப்பார்கள், பதியும்போது மொழியைக் கவனியுங்கள்.

1880இல் கட்டி 1882இல் விளக்கேற்றிய இடம் இது. வயதில் எல் மோர்ரோவுக்கு அடுத்தது. 1898 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்துகொண்டார்கள். ஃபஹார்டோவிலிருந்து தஞ்சம் தேடி வந்த பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். இரவில் ஸ்பானியப் படை தாக்கியது, கடலிலிருந்த கப்பல்கள் பதிலுக்குச் சுட்டன. கட்டடம் அதைத் தாங்கி நின்றது.

கட்டடத்தின் தரைத்திட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் புரியும். நடுவில் அல்லது ஒரு பக்கமாக ஒட்டிய கோபுரம். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வீடுகள், விளக்கைப் பார்த்துக்கொள்ளும் தலைமைக் காவலருக்கு ஒன்று, உதவியாளருக்கு ஒன்று. எண்ணெய் வைக்கத் தனி அறை. சோதனைக்கு வரும் பொறியாளர் தங்க ஓர் அறை, ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். மொட்டைமாடியில் விழும் மழைநீர் குழாய் வழியாகத் தொட்டிக்கு இறங்கும். பல இடங்களில் குடிதண்ணீருக்கு வேறு வழியே இருந்ததில்லை.

இங்கே வைத்தது மூன்றாம் தர லென்ஸ். ‘தரம்’ என்றால் அளவு. பிரான்ஸின் அகுஸ்தென் ஃப்ரெனல் 1820களில் உருவாக்கிய இந்த லென்ஸ்களில் முதல் தரம்தான் மிகப் பெரியது, எண் கூடக்கூட உருவம் சிறுக்கும். சுடருக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் மூன்றாம் தரத்தில் 500 மில்லிமீட்டர், ஆறாம் தரத்தில் 150. மூன்றாம் தர லென்ஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள கண்ணாடிக் கூண்டு. ஆறாம் தரமோ 43 சென்டிமீட்டர்தான், ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளும் அளவு. இந்தத் தீவில் மூலைகளிலும் முக்கிய முனைகளிலும் மூன்றாம் தரம், துறைமுக வாசல்களில் ஆறாம் தரம் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

ஃப்ரெனல் லென்ஸ் எதையாவது கிட்டப்போய்ப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், நடுப்பட்டையையும் மேல்கீழ் வளையங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். நடுவில் உள்ள கண்ணாடி ஒளியை வளைத்து நேராக்குகிறது. மேலும் கீழும் அடுக்கியிருக்கும் முக்கோண வெட்டுள்ள பட்டகங்கள் ஒளியை உள்ளுக்குள்ளேயே ஒருமுறை பிரதிபலித்துத் தொடுவானத்தை நோக்கித் தள்ளுகின்றன. வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போயிருக்க வேண்டிய வெளிச்சம் கிடைமட்டமான ஒரு தகடாகிவிடுகிறது.

பட்டகங்களைப் பித்தளைச் சட்டத்தில் பிடித்துவைப்பது மக்கு, அதாவது புட்டி. வெப்பத்தில் மக்கு காய்ந்து உதிரும், பட்டகம் அசையும், அசைந்தால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். உப்புக் காற்று பித்தளையைப் பச்சையாக்கும். துடைக்கும்போது மணல் துகள் ஒன்று துணியில் இருந்தாலும் கீறல் நிரந்தரம். அதனால்தான் அக்காலக் காவலர்கள் லென்ஸைத் தொடும் முன் லினன் துணியில் மேலங்கி அணிந்தார்கள், சட்டைப் பொத்தான் கண்ணாடியில் உரசிவிடக் கூடாதென்று. முக்கியமான ஆபத்து பகலில் வரும். சுடரைத் தொடுவானத்துக்கு அனுப்பும் அதே லென்ஸ், வெளியிலிருந்து வரும் வெயிலைக் குவித்து உள்ளே விளக்கின் மேல் இறக்கும். விளக்கைப் பொசுக்கவும் தீ வைக்கவும் அது போதும். காலையில் விளக்கணைத்ததும் காவலரின் முதல் வேலை, விளக்கறைக் கண்ணாடி முழுக்கத் திரை இழுப்பது.

நாள் 3: குலெப்ரிட்டா

குலெப்ரிட்டா, குலெப்ரா தீவை ஒட்டிய குட்டித் தீவு. குலெப்ராவுக்குப் படகு ஃபஹார்டோவிலிருந்து கிளம்புவதில்லை. 2018 முதல் தெற்கே உள்ள செய்பா துறைதான். பழைய வழிகாட்டிகளை நம்பி ஃபஹார்டோவில் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கட்டணம் இரண்டு டாலருக்குச் சற்று மேல், குலெப்ரா தீவுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமானதுதான். வார இறுதியைத் தவிர்த்து, முன்கூட்டியே சீட்டு எடுங்கள். வாடகைக் காரைப் படகில் ஏற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. காரைச் செய்பாவில் விட்டுவிட்டு அக்கரையில் வேறு வண்டி எடுக்க வேண்டும்.

குலெப்ராவிலிருந்து குலெப்ரிட்டாவுக்குச் சிறிய படகு. திரும்பும் நேரத்தை ஏறும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அங்கே கடை, தண்ணீர், கூரை எதுவும் இல்லை. குளிர்காலத்தில் வடக்கு அலை எழுந்தால் வடகரையில் இறங்குவது கடினம், மேற்குக் கரையில் இறக்குவார்கள். அங்கிருந்து குன்றின் உச்சிக்கு ஏறினால் விளக்கு.

பாதையோரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தப் பகுதிக் கடற்கரைகளில் ‘மன்சனியோ’ என்ற மரம் வளர்கிறது. சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், இனிய மணம் வரும். காய், இலை, பால் அத்தனையும் நஞ்சு. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலே சொட்டும் நீர் தோலில் கொப்புளம் எழுப்பும். பெயர் தெரியாத மரத்தடியில் நிற்கவே வேண்டாம். அமெரிக்கக் கடற்படை 1975 வரை குலெப்ராவைச் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தியது. துருப்பிடித்த உலோகம் எது கிடந்தாலும் தொடாமல் விலகிப் போங்கள்.

இந்த விளக்கை முதலில் ஏற்றியது 1886இல். குலெப்ராவில் ஸ்பெயின் குடியேற்றம் தொடங்கியதே 1880இல்தான். ‘இந்தத் தீவு எங்களுடையது’ என்று மற்ற நாடுகளுக்குக் காட்டுவதும் கட்டியதற்கு ஒரு காரணம். 1975இல் மூடினார்கள். 1989இல் ஹியூகோ, 1995இல் மெரிலின் என்று இரண்டு பெரும் புயல்கள் அடித்தன. இன்று வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், உள்ளே காலை வைக்காதீர்கள்.

ஆனால் வேலிக்கு வெளியிலிருந்தே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இந்தக் கட்டடங்களின் கூரை, அந்நாளில் இங்கே வழக்கமான முறையில் போட்டது. அவுசுபோ போன்ற கடினமான உள்ளூர் மர உத்திரங்களை நெருக்கமாக வைத்து, அதன்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசித் தட்டையாக முடித்திருக்கிறார்கள். சென்னையில் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பார்த்தவர்களுக்கு அண்ணாந்து பார்த்ததும் பிடிபடும். இரண்டுக்கும் ஒரே உயிர்நாடி: மேலே தண்ணீர் தேங்கக் கூடாது.

காவலர் குடியிருந்தவரை ஒருவர் தினமும் மாடிக்குப் போனார். இலை அடைத்த நீர்த்தாரையைக் குத்திவிட்டார், விரிசலில் சுண்ணாம்பு பூசினார். ஆள் போனதும் தாரை அடைத்துக்கொண்டது. தேங்கிய நீர் காரைக்குள் இறங்கியது. உத்திரத்தின் நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் நுழையும் நுனிதான் முதலில் உளுத்துப்போகும், ஏனென்றால் அங்கே ஈரம் காய்வதே இல்லை. நுனி போனால் உத்திரம் இறங்கும், உத்திரம் இறங்கினால் தளம் விழும். தளம் விழுந்த பிறகு நான்கு சுவர்களையும் ஒன்றோடொன்று கட்டிவைக்க எதுவும் இல்லை. இங்கே புயல் செய்தது கடைசி வேலையைத்தான். முதல் வேலையைச் செய்தது அடைபட்ட தாரை.

நாள் 4: வியேக்கெஸ்

மறுபடி செய்பா. வியேக்கெஸுக்குப் படகில் அரைமணி. இந்தத் தீவில் 1896இல் வந்தவை இரண்டு விளக்குகள், இரண்டுமே ஆறாம் தரம். வடகரையில், படகு வந்து சேரும் இசபெல் செகுந்தா ஊரின் தலைமேல் புந்தா மூலாஸ். துறையிலிருந்து நடந்தே ஏறிவிடலாம்.

தென்கரையில் புவேர்ட்டோ ஃபெர்ரோ. வனவிலங்குக் காப்பகத்துக்குள் மண் சாலை, மழை பெய்த மறுநாள் சாதாரணக் காரில் போகாதீர்கள். அடித்தளத்தில் விரிசல் விட்டதால் 1926இல் கைவிட்டார்கள், முப்பது ஆண்டுதான் எரிந்திருக்கிறது. இங்கே கூரையைக் குறை சொல்ல முடியாது, தரையே காலை வாரியது. நிலநடுக்கம் அடிக்கடி உலுக்கும் பகுதியில் கம்பி வலுவூட்டல் இல்லாத செங்கல், கல் சுவர்கள் வளைந்து கொடுக்கத் தெரியாதவை. அடித்தளம் ஒரு பக்கம் சற்றே இறங்கினாலும் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போல, செங்கல் இணைப்புகளின் வழியே விரிசல் ஏறும். அந்தப் படிக்கட்டு விரிசலைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள், தெற்குக் கரையில் திரும்ப வரும்.

கடற்படையின் பயிற்சி இங்கே 2003 வரை நடந்தது. காப்பகத்தில் அறிவிப்புப் பலகை தடுக்கும் இடத்தைத் தாண்டவே கூடாது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கின்றன.

நாள் 5: மௌனாபோ, அர்ரோயோ

தென்கிழக்கு மூலைக்கு இரண்டு வழி. 53ஆம் எண் சுங்கச் சாலை மலையைச் சுரங்கத்தால் துளைத்து விரைவாக இறக்கிவிடும். 901ஆம் எண் சாலை கடலோர மலையைச் சுற்றிச் சுற்றி வரும். போகும்போது 901 பிடியுங்கள். ஒவ்வொரு வளைவிலும் கடல் திறந்து மூடும்போது, ஒரு விளக்கு எந்தெந்த மலை மறைப்பிலிருந்து தப்ப வேண்டியிருக்கிறது என்று புரியும்.

760ஆம் எண் சாலையின் முடிவில் புந்தா தூனா, 1892இல் ஏற்றியது. மூன்றாம் தர லென்ஸ், எண்கோணக் கோபுரம், பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. திங்கள், செவ்வாய் போகத் திட்டமிடாதீர்கள். கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, பழுது பார்த்த இடங்களைத் தேடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு போடுவது இந்த வகைக் கட்டடத்துக்குச் செய்யும் பெருந்தீங்கு. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரம் உள்ளே வந்தாலும் வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தில் கரைந்திருக்கும் கடலுப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலின் முகத்தைப் பொடியாக்கித் தள்ளும். வெளியே பூச்சு பளிச்சென்று இருக்கும், தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றொலி வரும். சில ஆண்டில் பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கலும் பாதி கூடவே போயிருக்கும். எந்த நாட்டுக் கடற்கரைக் கட்டடத்துக்கும் இது பொருந்தும்.

மேற்கே அர்ரோயோவில் புந்தா ஃபிகூராஸ். 1893, ஆறாம் தரம், 1938இல் நிறுத்திவிட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் சீரமைத்தது. அரைமணி போதும்.

நாள் 6: பொன்சே, காஹா தெ முவெர்ட்டோஸ்

காஹா தெ முவெர்ட்டோஸ் ஒரு தீவு, பெயருக்குப் பொருள் பிணப்பெட்டி. கடலிலிருந்து பார்க்கும்போது தெரியும் உருவத்தால் வந்த பெயர் என்பார்கள். பொன்சே கரையிலிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டர். படகுகள் வார இறுதியில்தான் பெரும்பாலும் உறுதி. தெற்குக் கடல் காலையில் அமைதியாக இருக்கும், பதினொரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வலுக்கும். வாந்தி வருபவர்கள் திரும்பும் பயணத்துக்குத்தான் மாத்திரை வைத்துக்கொள்ள வேண்டும்.

துறையிலிருந்து பாதை உலர்காட்டின் வழியே ஏறுகிறது. கள்ளியும் முள்ளும் இருபுறமும், நிழல் மிகக் குறைவு. காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது. 1887இல் ஏற்றிய மூன்றாம் தர விளக்கு இது, தென்கரையின் முதுகெலும்பு. கிழக்கே புந்தா தூனா, மேற்கே காபோ ரோஹோ, நடுவில் இது. குடிதண்ணீர் முழுக்க மழைத்தொட்டியை நம்பியிருந்த இடங்களில் ஒன்று. மொட்டைமாடி ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு விடை அந்தத் தொட்டிதான்.

கரைக்குத் திரும்பும் வழியில் பொன்சே துறைமுக வாசலில் கார்டோனா என்ற திட்டு. 1889இன் ஆறாம் தர விளக்கு. படகோட்டியிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார். பெரிய விளக்கு ‘நிலம் இங்கே’ என்கிறது, சின்ன விளக்கு ‘வாசல் இங்கே’ என்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் கடலிலிருந்து பார்க்க இதைவிட வசதியான இடம் இந்தத் தீவில் இல்லை.

நாள் 7: குவானிக்கா, காபோ ரோஹோ

நீண்ட நாள், ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். 333ஆம் எண் சாலையில் குவானிக்கா விரிகுடாவின் கிழக்குக் கரை. 1898 ஜூலை 25 அன்று அமெரிக்கப் படை தரையிறங்கியது இந்த விரிகுடாவில்தான். வாசலில் இருந்த ஆறாம் தர விளக்கு 1893இல் வந்தது, 1950இல் கைவிட்டார்கள். எழுபது ஆண்டு ஆளில்லை, கூரையில்லை. வெறும் சுவர்களாக நின்றதை 2020 ஜனவரி 7 அன்று வந்த 6.4 அளவு நிலநடுக்கம் சரித்துவிட்டது. கற்குவியலுக்குள் நுழையாதீர்கள். மிச்சமிருக்கும் சுவர் எதன்மேலும் சாயாமல் நிற்கிறது.

குலெப்ரிட்டாவில் சொன்னதன் கடைசிப் பக்கம் இது. கூரைத்தளம் சுவர்களின் தலையைக் கட்டிப்பிடித்திருந்தால் நில அதிர்வில் நான்கு சுவரும் ஒரு பெட்டியாக ஆடும். தளம் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக, தன் தட்டையான முகத்தின் பக்கமாக ஆடும். அந்தத் திசையில் செங்கல் சுவருக்கு வலுவே கிடையாது. அதே நிலநடுக்கத் தொடரில் பக்கத்துக் குவாயனியாவில் புந்தா வெந்தானா என்ற இயற்கைப் பாறை வளைவும் விழுந்தது.

அங்கிருந்து மேற்கே, தீவின் தென்மேற்கு நுனி. 301ஆம் எண் சாலை உப்பளங்களைத் தாண்டிப் போகும். நூற்றாண்டுகளாக உப்பெடுக்கும் இடம். பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகத் தெரியும், ஓரத்தில் உப்புக் குவியல், நடுவில் கரைப்பறவைகள். கடைசிப் பகுதி குண்டும் குழியுமான மண் பாதை. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் நடக்க வேண்டும்.

காபோ ரோஹோவின் லாஸ் மொர்ரியோஸ் விளக்கு 1882. அட்லாண்டிக்கையும் கரீபியக் கடலையும் இணைக்கும் மோனா நீரிணையின் தெற்கு வாசலைக் காட்டுவது. சாம்பலும் வெள்ளையுமான கட்டடம், அறுகோணக் கோபுரம், 1967இல் தானியங்கியாகிவிட்டது. ஆபத்து கட்டடத்தில் இல்லை, பாறையில் இருக்கிறது. விளிம்புக்குக் கைப்பிடியோ வேலியோ கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் அடியை அலை அரித்துவிட்டதால், மேலே நிற்பவர் கெட்டி நிலத்தில் நிற்பதாக நினைக்கும் இடம் வெறும் உதடாக இருக்கும். பக்கவாட்டில் உள்ள இன்னொரு முனைக்குப் போய், நிற்க நினைத்த இடத்தைத் தூரத்திலிருந்து முதலில் பாருங்கள். அடியில் குடைந்திருப்பது அப்போது தெரியும். விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியே நில்லுங்கள். காற்று முதுகில் அடிக்கும் நாளில் ஐந்து. மாலையில் வாயிலைப் பூட்டுவார்கள், மூடும் நேரத்தை உள்ளே போகும்போதே கேளுங்கள்.

நாள் 8: ரின்கோன், அகுவாதியா

1918 அக்டோபர் 11 அன்று மோனா நீரிணையில் பெரும் நிலநடுக்கம், சில நிமிடங்களில் சுனாமி. மேற்குக் கரையில் 116 பேர் இறந்தார்கள். ரின்கோனிலும் அகுவாதியாவிலும் ஸ்பானியர் கட்டிய இரண்டு விளக்குகளையும் அது முடித்துவைத்தது.

ரின்கோனின் புந்தா இகுவேரோ விளக்கு 1892இல் வந்தது. சேதத்துக்குப் பின் 1922இல் எழுந்தது இன்றைய கான்கிரீட் கோபுரம். முந்தையவற்றோடு ஒப்பிட்டால் பாடம் தெளிவாகத் தெரியும்: செங்கல் இல்லை, மூலைகள் இல்லை, வளைவான ஒரே உருளை. சுற்றிலும் பூங்கா. 413ஆம் எண் சாலையில் பிரிந்து எளிதாகப் போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கிருந்து கூனல் முதுகுத் திமிங்கலங்களைப் பைனாகுலரில் பார்க்கலாம், நீர்த்தாரை எழும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். பக்கத்தில் தெரியும் குவிமாடம் 1960களில் சில ஆண்டுகளே இயங்கிய போனஸ் அணு உலை, 1968இல் மூடியது.

அகுவாதியாவில் 1889இன் பழைய விளக்கு கரைமட்டத்தில் இடிபாடாக நிற்கிறது. ‘லாஸ் ருயீனாஸ்’ என்றால் சொல்வார்கள். பாதை மணலும் சேறும், உயரமான வண்டி வேண்டும் அல்லது நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் கடற்கரை, நீந்த ஏற்றதல்ல. புதிய விளக்கை 1918க்குப் பிறகு கரையிலிருந்து விலக்கி மேட்டில் வைத்தார்கள். அது பழைய ராமி விமானதள வளாகத்துக்குள் இருக்கிறது, வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

மோனா தீவு பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். நீரிணையின் நடுவில், சுமார் 66 கிலோமீட்டர் மேற்கே. 1900இல் முடிந்த இரும்புக் கோபுரம், இரண்டாம் தர லென்ஸ், வரிசையில் மிகப் பெரிது. 1976இல் அணைந்தது. இயற்கை வளத் துறையின் அனுமதிச் சீட்டு, தனிப் படகு, கூடாரம், முழு உணவும் தண்ணீரும் எல்லாம் ஏற்பாடு செய்தால்தான் போக முடியும். ஒன்பது நாளில் அதைச் சொருகப் பார்க்காதீர்கள், குறைந்தது மூன்று நாள் தனியாக வேண்டும்.

நாள் 9: அரெசிபோ, திரும்புதல்

2ஆம் எண் சாலையில் கிழக்கே, பிறகு 655இல் பிரிந்தால் அரெசிபோ. 1898இல் ஏற்றியது, தீவில் ஸ்பானியர் முடித்த கடைசி விளக்கு. கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. சுற்றிலும் குழந்தைகளுக்கான வரலாற்றுப் பூங்காவாக்கி நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கப்பல் மாதிரிகளையும் விளையாட்டுகளையும் விரும்பாதவர்கள் நேரே மாடிக்குப் போகலாம். அந்தக் கட்டணத்தால்தான் ஒருவர் தினமும் அந்த மாடிக்கு ஏறி நீர்த்தாரையைப் பார்க்கிறார். குலெப்ரிட்டாவையும் குவானிக்காவையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அந்தக் கட்டணத்தைக் குறை சொல்ல மனம் வராது.

மாடியில் நின்று கிழக்கே திரும்புங்கள். முதல் நாள் கணக்கை இப்போது எடுக்கலாம். இந்த விளக்கு கடலுக்கு மேல் சுமார் 36 மீட்டர். வர்க்கமூலம் 6, பெருக்கினால் 12.5, கப்பல் தளத்துக்கு 4.7, மொத்தம் 17 கடல் மைல். எல் மோர்ரோவுக்கு 20. இரண்டும் சேர்ந்து 37. இரண்டு கோபுரங்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 33 கடல் மைல். ஆக, வேகா பாஹா ஊருக்கு நேர் வடக்கே எங்கோ, நான்கு கடல் மைல் அகலத்துக்கு, தெளிந்த இரவில் ஒரு கப்பலின் தளத்திலிருந்து இரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் தெரியும், ஒன்று பின்பக்கம், ஒன்று முன்பக்கம். அரெசிபோ விளக்கு வருவதற்கு முன் அகுவாதியாவுக்கும் சான் ஹுவானுக்கும் இடையே கிட்டத்தட்ட 58 கடல் மைல். நடுவில் வெளிச்சமே இல்லாத நீண்ட பகுதி, காற்று கரையை நோக்கித் தள்ளும் வடகடல். அந்த இடைவெளி மூடியது 1898இல். கிழக்கே எல் மோர்ரோவின் விளக்கு குண்டடிபட்டதும் அதே ஆண்டில்.

சான் ஹுவானுக்கு 22ஆம் எண் சுங்கச் சாலையில் ஒரு மணி நேரம், மாலை நெரிசலில் இரண்டு. அமெரிக்கப் பெருநிலத்துக்கு விமானம் ஏறுபவர்களின் பெட்டிகளைப் புறப்படும் முன் வேளாண் சோதனைக்கு உட்படுத்துவார்கள். பெரும்பாலான பழங்களைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வாங்கியதைச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.